கடைசி வீட்டுக் குழாய்

வணக்கம். கிராமத்துக் குடிநீரைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். குடிநீர்த் திட்டங்களில் பொறியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு ஊரில் குடிநீர்த் திட்டம் எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொள்ள என்னை அனுப்பினால், புதிதாகப் பெயின்ட் அடித்த மேல்நிலைத் தொட்டியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். தொட்டியிலிருந்து கிளம்பும் குழாய் எந்தத் தெருவில், எந்த வீட்டோடு முடிகிறது என்று விசாரித்து, அந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன். "தண்ணி வருதாம்மா?" என்று கேட்டால் போதும். மீதிக் கதையை அந்த அம்மாவே சொல்லிவிடுவார்.

முதலில் திட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாயில் குடிநீர் கொடுப்பதற்கான மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டம் 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டது. அப்போது நாடு முழுவதும் ஊரகப் பகுதிகளில் 3.23 கோடி வீடுகளில்தான் குடிநீர்க் குழாய் இருந்தது. அதாவது நூற்றுக்குப் பதினேழு வீடுகள். 2024-க்குள் எல்லா வீடுகளுக்கும் கொடுத்துவிட வேண்டும் என்பது முதலில் வைத்த இலக்கு. பிறகு 2028 வரை காலம் நீட்டிக்கப்பட்டது. நம் மாநிலத்தில் செலவை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாக ஏற்கின்றன. தமிழ்நாட்டில் ஊரக வீடுகள் சுமார் 1.25 கோடி. தொடங்கும்போது ஏறக்குறைய 22 லட்சம் வீடுகளுக்கு இணைப்பு இருந்தது. இப்போது அது ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. 79,000-க்கும் மேற்பட்ட குக்கிராமங்கள் உள்ள மாநிலத்தில் இது சின்ன வேலை இல்லை. குழாய் பதித்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் குழாய் இருப்பதும் தண்ணீர் வருவதும் ஒன்றாகிவிடாது. இதைத் திட்டமே ஒப்புக்கொள்கிறது. ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், இந்தியத் தர நிர்ணயத்துக்கு ஏற்ற தரத்தில், முறையாக வந்தால்தான் அதைச் செயல்படும் இணைப்பு என்று சொல்ல வேண்டும் என்பது விதி.

நம் கிராமங்களுக்குத் தண்ணீர் வந்த வழியைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். 1970-களில் அடி பம்பு வந்தது. இந்தியா மார்க் 2 என்ற அந்தப் பம்பைக் கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமங்களில்தான் போட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். அப்புறம் மேல்நிலைத் தொட்டி வந்தது, தெருக்குழாய் வந்தது. இடையிடையே சிமென்ட் மேடையில் ஒரு சின்டெக்ஸ் தொட்டி, அதில் நாலு குழாய். அப்போதெல்லாம் ஆளுக்கு 40 லிட்டர் என்பது கணக்கு. தெருக்குழாயில் குடம் வரிசையில் நிற்கும். முன்னே பின்னே வைத்ததற்குச் சண்டை வரும். குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தது முழுக்கப் பெண்கள்தான். அந்த நடை குறைந்ததே பெரிய விஷயம். ஆனாலும் தெருக்குழாயில் ஒரு நல்ல குணம் இருந்தது. யார் எத்தனை குடம் பிடித்தார் என்பது ஊருக்கே தெரியும். இப்போது வீட்டுக்குள் குழாய் வந்துவிட்டதால் யார் எவ்வளவு எடுக்கிறார் என்பது யார் கண்ணுக்கும் படுவதில்லை. பழைய சண்டை குழாய்க்குள்ளே போய்விட்டது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், காகிதம் வேண்டாம். 250 வீடு, ஆயிரம் பேர் உள்ள ஒரு ஊர். ஆளுக்கு 55 லிட்டர் என்றால் நாளைக்கு 55,000 லிட்டர் வேண்டும். ஊரில் இருப்பது 30,000 லிட்டர் தொட்டி. அப்படியானால் ஒரு நாளில் இரண்டு தடவை ஏற்ற வேண்டும். வீட்டுக்கு 220 லிட்டர் பங்கு. காலையும் மாலையுமாகச் சேர்த்து ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டால், ஒவ்வொரு குழாயிலும் நிமிடத்துக்கு நாலு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வர வேண்டும். ஒரு குடம் நிறைய நாலு நிமிடம். இதுதான் நியாயமான வேகம். பார்க்க மெதுவாகத்தான் இருக்கும்.

இந்த மெதுவை யாருக்கும் பிடிப்பதில்லை. தொட்டிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒரு அரை ஹெச்பி மோட்டாரை வாங்கிக் குழாயில் மாட்டிவிடுகிறார். அது நிமிடத்துக்கு 30 லிட்டர் வரை இழுக்கும். எட்டு வீட்டுப் பங்கு ஒரே வீட்டுக்குப் போகிறது. அரை மணி நேரத்தில் 900 லிட்டர் அவர் மாடித் தொட்டிக்கு ஏறிவிடும். தண்ணீர் வரும் நேரத்தில் அதே தெருவில் இப்படிப் பத்து மோட்டார் ஓடினால், கடைசித் தெருவில் குழாயைத் திறந்தால் காற்று மட்டும் உஸ் என்று வரும். ஆற்றுப் பாசனத்தில் தலைமடைக்காரர் மடையை அடைத்து வைத்துக்கொண்டால் கடைமடை வயல் காய்வது போலத்தான் இதுவும். வயல் வெளியில் கிடப்பதால் எல்லோருக்கும் தெரிகிறது, இது தெரிவதில்லை.

பங்கு போவதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்போது, எங்காவது விரிசல் இருந்தால் தண்ணீர் வெளியே கசியும். நஷ்டம்தான், ஆனால் ஆபத்து குறைவு. மோட்டார் வைத்து உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் விழுந்துவிடும். அப்போது அதே விரிசல் வழியாக வெளியே தேங்கியிருப்பது உள்ளே போகும். கிராமங்களில் குடிநீர்க் குழாய் பெரும்பாலும் எதை ஒட்டிப் போகிறது? சாக்கடையை ஒட்டித்தான். மோட்டார் வைத்தவர் வீட்டுக்கும் அதே தண்ணீர்தான் போகிறது என்பதை அவர் யோசிப்பதில்லை.

கடைசி வீடு யாருடையது என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே மாதிரியான பதில்தான் கிடைக்கும். ஊர் நடுவில் தொட்டி கட்டியிருப்பார்கள், அங்கிருந்து குழாய் நீண்டு போகும். கடைசியில் சேர்வது பட்டியலின மக்களின் குடியிருப்பாகவோ, புதிதாகப் பட்டா கொடுத்த மேட்டு நிலமாகவோ இருக்கும். மேடு என்றால் தண்ணீர் ஏறுவது இன்னும் கஷ்டம். சில ஊர்களில் தனித் தொட்டியே கட்டியிருக்கிறார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடித்துவந்த மேல்நிலைத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதைத் தண்ணீர்ப் பிரச்சினை என்று நான் சொல்ல வரவில்லை. தொட்டி யாருக்காகக் கட்டியிருக்கிறது, அதன் மூடிக்குப் பூட்டு இருக்கிறதா, ஏணிக்குக் காவல் இருக்கிறதா என்பதெல்லாம் குடிநீர்த் திட்டத்துக்குள் அடங்கிய கேள்விகள்தான் என்று சொல்கிறேன்.

சரி, பொறியாளர்கள் இதற்கு என்ன செய்யலாம்? ஊரை இரண்டு மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேட் வால்வு வைக்கலாம். மேட்டுப் பகுதிக்கு முதலில் திறந்துவிட வேண்டும், தொட்டி நிறைந்திருக்கும்போதே. பள்ளத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் தானாகவே ஓடிவரும், அவர்கள் கொஞ்சம் காத்திருக்கலாம். இதெல்லாம் வரைபடத்தில் சுலபம். ஆனால் அந்த வால்வைத் தினமும் திருகுவது யார்? டேங்க் ஆபரேட்டர். ஊரில் "தண்ணி தொறந்து விடுறவரு" என்றால்தான் தெரியும். கரண்ட் எப்போது வரும் என்று பார்த்து மோட்டார் போட்டு, தொட்டி நிரம்பி வழியாமல் கவனித்து, வால்வு மாற்றி, பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, எல்லோரிடமும் ஏச்சு வாங்குகிறவர் அவர். சம்பளமோ சொற்பம். கோடிக்கணக்கில் செலவு செய்து கட்டிய திட்டம் அவருடைய கையில் இருக்கும் சாவியில் நிற்கிறது. அவருக்குப் பயிற்சியும் நியாயமான கூலியும் கொடுக்காமல் புதுக் குழாய் மேல் புதுக் குழாய் பதிப்பது வீண் என்பது என் கருத்து.

உள்ளூரில் நல்ல தண்ணீரே இல்லாத இடங்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டம்தான் வழி, அதாவது தூரத்து ஆற்றிலிருந்து ஒரே குழாயில் பல ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோவது. திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டி ராமநாதபுரம் வரை தண்ணீர் போகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரியில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் பழுப்புக் கறையோடு ஒரு தலைமுறையே வளர்ந்தது. அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் திட்டம் கட்டப்பட்டு 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. இங்கேயும் பிரச்சினை அதேதான், அளவு மட்டும் பெரிது. வழியில் ஒரு இடத்தில் குழாய் உடைந்தால், அல்லது நடுவில் உள்ள ஊர்கள் கூடுதலாக எடுத்தால், கடைசி ஊரில் அந்தத் தண்ணீர் வந்து சேரும் தரைத் தொட்டியான சம்பு நிறையாது. அந்த ஊரின் கடைசித் தெருவை நினைத்துப் பாருங்கள்.

பணம் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குழாய் பதிக்க அரசு பணம் கொடுக்கும். தினமும் ஓட்ட யார் கொடுப்பது? பல ஊராட்சிகளில் மோட்டாருக்கான மின் கட்டணம்தான் பெரிய செலவு. ஜல் ஜீவன் விதிப்படி ஊருக்குள் செய்யும் வேலைகளின் செலவில் பத்தில் ஒரு பங்கு ஊர் மக்களின் பங்களிப்பாக இருக்க வேண்டும். மலை, வனப் பகுதிகளிலும் பட்டியலின, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் உள்ள ஊர்களிலும் அது 5 சதவீதம். இதெல்லாம் ஒரு தடவை கொடுப்பது. மாதாமாதம் ஊராட்சி கேட்கும் குடிநீர்க் கட்டணம் பெரிய தொகை இல்லை. ஆனால் "தண்ணிக்குக் காசா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதே வீட்டில் 20 லிட்டர் கேன் முப்பது, நாற்பது ரூபாய்க்கு இறங்குகிறது. கட்டணம் வாங்குங்கள், கணக்கைக் கிராம சபையில் வாசியுங்கள். வாங்கிய காசுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தால்தான் ஊராட்சியும் கடைசித் தெருவுக்குப் போய்ப் பார்க்கும்.

ஒவ்வொரு ஊரிலும் கிராமக் குடிநீர் சுகாதாரக் குழு இருக்க வேண்டும், அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் சோதிக்கும் பெட்டியைக் கொடுத்துப் பயிற்சி தரவும் ஏற்பாடு உண்டு. இந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். பெயர்ப் பட்டியல் காகிதத்தில் இருக்கும். பட்டியலில் உள்ளவர்களுக்கே தெரியாமல் இருப்பதும் உண்டு. கடைசித் தெருவிலிருந்து ஒருவராவது அதில் இருக்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

சோதனையில் ஒரு விஷயம் முக்கியம். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது வழக்கமான அளவு. அப்படியானால் 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அந்தப் பவுடரில் உள்ள குளோரின்தான் கிருமியைக் கொல்கிறது, அது குழாயில் போகப் போகக் குறைந்துகொண்டே வரும். தொட்டிக்கடியில் சோதித்துவிட்டுச் சரியாக இருக்கிறது என்று எழுதுவதில் பயன் இல்லை. குழாய் முடியும் வீட்டில் பிடித்த தண்ணீரில், லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். மருந்துத் துளியை விட்டால் லேசாக மஞ்சள் நிறம் காட்டும், அவ்வளவுதான் வேலை. பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள்.

நம் மாநிலத்தில் இப்போது மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. மற்ற கூட்டங்களில் நூறு விஷயம் பேச வேண்டியிருக்கும், இது தண்ணீருக்கென்றே கிடைத்த நாள். கடைசி வீட்டில் எடுத்த சோதனை முடிவு, தொட்டி கழுவிய தேதிகள், மோட்டார் வைத்து உறிஞ்சுபவர்கள் மேல் எடுத்த நடவடிக்கை, ஆபரேட்டர் சம்பளம் பாக்கி இருக்கிறதா இல்லையா என்பது. இந்த நாலையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதி முடித்து, படித்துக் காட்டிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.