ஓட்டன் வரை எண்ணிய சாட்சிகள்

அவையோருக்கு வணக்கம். மண வழக்கு என்றதும் கணவன் மனைவி பூசலே நம் நினைவுக்கு வரும். ஆனால் இடைக்காலத்தின் பிற்பகுதியில், ஐரோப்பியத் திருச்சபை நீதிமன்றங்களுக்கு வந்த சில மண வழக்குகளில், எதிரே நின்ற தம்பதியைவிட என்றோ இறந்துபோன முன்னோரைப் பற்றியே சாட்சிகள் மிகுதியாகப் பேச வேண்டியிருந்தது.

1215-இல் திருத்தந்தை மூன்றாம் இன்னொசென்ட் கூட்டிய நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் என்னும் திருச்சபைப் பேரவை, இரத்த உறவில் மணம் செய்வதற்கு இருந்த தடையை ஏழாம் படியிலிருந்து நான்காம் படிக்குக் குறைத்தது. உடன்பிறந்தார் முதற்படி, அவர்களுடைய மக்கள் இரண்டாம் படி என்று பொது மூதாதையிலிருந்து கீழ்நோக்கி எண்ணுவது வழக்கம். ஆகவே மணமக்கள் இருவருக்கும் ஓட்டன், அதாவது பாட்டனின் பாட்டன், ஒருவராயிருந்தால், அந்த மணமும் செல்லாது. நம் முறைப்பெண் வழக்கமெல்லாம் அங்கே வாசற்படிகூடத் தாண்டியிராது!

தம் பூட்டனையோ ஓட்டனையோ நேரில் கண்டவர் அரிது என்பதால், இத்தகைய உறவைக் கேள்விச் சாட்சியத்தால், அதாவது பிறர் சொல்லக் கேட்டதைச் சொல்லும் சாட்சியத்தால், மெய்ப்பிக்கும் பழைய வழக்கம் இருந்தது. அதனால் நேர்ந்த தீங்குகளைக் கண்ட சங்கம் அதற்குக் கடிவாளமிட்டது. சாட்சி சொல்பவர் மதிப்புக்குரியவராயிருக்க வேண்டும். வழக்கு எழுவதற்கு முன்பே, நம்பத்தக்க மூத்தோர் இருவரிடமாவது அச்செய்தியைக் கேட்டிருக்க வேண்டும். இரு கிளைகளிலும் படிப்படியாக இன்னார் இன்னார் என்று அடையாளம் காட்ட வேண்டும். அவற்றுள் ஒரு படியைச் சேர்ந்தவர்களாவது ஒருவரையொருவர் உறவினராக ஏற்று நடந்ததைத் தாமே கண்டதாக ஆணையிட வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையே எனக்கு மிகவும் நுட்பமாகப் படுகிறது, ஏனெனில் அது உறவைப் பெயர்வரிசையில் மட்டுமன்றி நடத்தையிலும் தேடியது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். இங்கிலாந்தின் யார்க் நகரத்துத் திருச்சபை நீதிமன்றத்தின் வழக்குக் கட்டுகள் 14-ஆம் நூற்றாண்டு முதல் நமக்குக் கிடைக்கின்றன. அங்கே சாட்சிகளைத் தனித்தனியே அழைத்து, வழக்காடுபவர் தரப்பு முன்கூட்டியே எழுதித் தந்த கூற்றுகளை வைத்து விசாரித்தார்கள்; சாட்சி ஆங்கிலத்தில் சொன்னதை எழுத்தர் இலத்தீனில் பதிந்தார். ஏட்டில் ஏணிபோல் ஒழுங்காக நிற்கும் வம்சவரிசையில் கிழவரின் நினைவு எவ்வளவு, வழக்கறிஞரின் கைவண்ணம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது எளிதன்று.

இங்கிலாந்தில் இத்தகைய வழக்குகள் நாம் எண்ணுமளவு பெருகவில்லை. வாக்குக் கொடுத்தவர் மணந்தே ஆகவேண்டும் என்று கோரியவையே அங்கு மிகுதி. ஆனால் வழக்கு எழுந்துவிட்டால், உறவு தெரியவந்த காலமும் பெரிய கேள்வியாயிற்று. முறைப்படி கோயிலில் ஓலை வாசித்து, அதாவது மணத்தை முன்கூட்டியே அறிவித்து, தடை இருப்பதை அறியாமல் மணந்திருந்தால், பின்னர் அந்த மணம் முறிந்தாலும் பிள்ளைகள் முறையான வாரிசுகளே. பெற்றோர் அறிந்தே மணந்திருந்தாலோ, மறைவாக மணந்திருந்தாலோ, அந்த உரிமை பிள்ளைகளுக்கு இல்லை.