அன்னாளும் ஹன்னாவும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஹன்னா, அன்னாள், ஆன், அன்னா. எல்லாம் ஒரே எபிரேயப் பெயர்தான். மூலத்தில் மூன்றே எழுத்து: ஹேத், நூன், ஹே. நடு எழுத்தை இரட்டித்துச் சொல்ல வேண்டும். கடைசி ஹே ஒலிக்காது. பெயர் ‘ஆ’ என்று முடிவதைக் காட்டவே அது நிற்கிறது. முதல் ஹேத் தொண்டையை உரசிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் இரு முனையிலும் ‘எச்’ போட்டு, எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றே என்று ரசிப்பார்கள். எபிரேயத்தில் அந்த வேடிக்கை இல்லை, அவை வேறுவேறு எழுத்துகள்.

பொருள், அருள். யோவான் என்ற பெயரும் இதே வேரில் பிறந்ததுதான். ரோமை நடுங்கவைத்த கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலும் இந்த வேருக்கு உறவு: ‘பாகால் என்ற தெய்வத்தின் அருள்’.

அந்தத் தொண்டை ஒலிக்குக் கிரேக்கத்தில் எழுத்து இல்லை. எபிரேயரின் அண்டை மக்களான பினீசியரின் ஹேத் வடிவத்தைக் கிரேக்கர் வாங்கியிருந்தார்கள்தான். ஆனால் அதை நெடில் ‘ஏ’க்குக் கொடுத்துவிட்டார்கள். அதனால் யூத மறைநூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தபோது ‘அன்னா’ என்றே எழுதினார்கள். லத்தீனும் அதைத் தொடர்ந்தது.

பெயரைப் பரப்பியவர் மரியாளின் தாய். பைபிளில் அவர் பெயரே கிடையாது. 2ஆம் நூற்றாண்டின் ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’தான் அன்னா என்கிறது. திருநாள் ஜூலை 26. சுரங்கத் தொழிலாளர்களுக்கும் அவரே பாதுகாவலர். ஜெர்மனியில் சாக்சனியின் வெள்ளிச் சுரங்க ஊர் ஒன்று அன்னாபெர்க் ஆனது அப்படித்தான். இலங்கையில் தலவில ஆலயமும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

1611இன் ஆங்கில பைபிள், பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தும் புதியதைக் கிரேக்கத்திலிருந்தும் பெயர்த்தது. ஆகவே சாமுவேலின் தாய் அங்கே ஹன்னா; லூக்காவில் வரும் தீர்க்கதரிசி அன்னா. நம் பழைய தமிழ் பைபிளில் இருவருமே அன்னாள்.

எனவே ‘ஹ’ இருந்தால் எபிரேய வழி, இல்லாவிட்டால் கிரேக்க வழி என்று பொதுவாகப் பிரிக்கலாம். இது சறுக்கும் இடங்களும் உண்டு. ஜெர்மனியில் ஹன்னா பல நேரம் யோஹன்னாவின் சுருக்கம். ஞானஸ்நானப் பதிவேட்டில் முழுப்பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும். அரபுக் கிறிஸ்தவர்களிடம் ஹன்னா ஆண் பெயர், யூஹன்னாவின் குறுக்கம். நம்மூர் அன்னம்மாளிலும் கவனம் வேண்டும். மாதாவின் தாயை நினைத்து வைத்ததா, நம் ‘அன்னம்’ என்ற சொல்லிலிருந்து வந்ததா என்று ஒலியை வைத்துச் சொல்ல முடியாது. அந்த வீட்டுப் பாட்டிகளின் பெயர்களைக் கேளுங்கள். சூசையம்மாளும் மரியம்மாளும் வரிசையில் வந்தால், பெயர் எருசலேமிலிருந்து வந்ததுதான்.

நன்றி, வணக்கம்.