தகப்பனைக் கொன்றவன் எதிரே

அவைத்தலைவர் அவர்களே, சிறப்பு விருந்தினராக எழுந்தருளியிருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, வெயிலையும் பாராமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர் அம்மையார் அவர்களே, வாசகர் வட்டப் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, வணக்கம். அழைப்பு விடுத்த செயலாளருக்குத் தனி நன்றி.

பிராக்கன் ஜூனியர் என்னும் ஜெர்மானிய மல்லனைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்தேன்: அவனுடைய ராணுவச் சீருடை, அவனுடைய தகப்பன், அவன் வளர்த்த சீடன் ஜேட். ஜப்பானில் 1979இல் தொடங்கிய 'கின்னிக்குமேன்' சித்திரக்கதையின் அதிமனிதன் அவன். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவன் கதை ஒரு சறுக்கலில்தான் பிறக்கிறது.

தகப்பன் பிராக்கன்மேன், அதிமனிதர்கள் மோதும் மல்யுத்தப் போட்டியான அதிமனிதர் ஒலிம்பிக்கில் சீன மல்லன் ராமென்மேனிடம் சிக்குகிறான். குப்புற விழுந்தவன் முதுகில் ராமென்மேன் ஏறி உட்காருகிறான். இரு கைகளையும் மோவாயில் கோத்துப் பின்னால் இழுக்கிறான். ஒட்டகப் பிடி அது. முதுகெலும்பு வில்லாக வளைகிறது, உடல் இரண்டாகப் பிளக்கிறது. அடுத்த ஒலிம்பிக்கில் மகன் வருகிறான், மண்டையோட்டுச் சின்னம் பொறித்த தொப்பியோடு. எதிரே யார்? அதே ராமென்மேன்! நெஞ்சு முழுக்கப் பழி. ஆனாலும் பையன் தோற்கிறான். எளிதில் கொன்றிருக்கலாம், ராமென்மேன் கொல்லவில்லை. பின்னாளில் இருவரும் நீதியின் பக்கம் தோழர்களாக நிற்கிறார்கள். யானைக்கும் அடி சறுக்கும், ஐயா. சறுக்கிய யானையை மிதிக்காமல் விட்டவனையும் இந்தக் கதை காட்டுகிறது. விரல்களை ஒட்டிக் கையையே வாளாக வீசும் பிராக்கன் ஜூனியரின் 'பெர்லினின் செம்மழை' அடியைவிட எனக்கு இதுவே பெரிது.

இப்படிப்பட்ட கதையைத்தான் 'பொம்மைப் புத்தகம்' என்று ஒதுக்குகிறோம். அதைப் படைத்த இருவர், வாசகர்களிடமிருந்தே மல்லர்களின் படங்களைக் கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகள் தாளில் கிறுக்கித் தபாலில் அனுப்பிய உருவங்கள் அச்சில் உயிர் பெற்றன. படித்த பிள்ளை படைத்த பிள்ளையாயிற்று!

நூலகர் அம்மா, ஜேடைப் பற்றிப் பேச நேரமில்லை. சீருடையும் இன்னொரு நாளைக்கு ஆகட்டும். இந்த ஆண்டு நூல் கொள்முதலில் சித்திரக்கதைக்கு ஓர் அடுக்கு ஒதுக்குங்கள். பக்கத்தில் ஒரு மேசை, வெள்ளைத்தாள், வண்ணப் பென்சில்கள். தலைவர் அவர்கள் நினைத்தால் நாளைக்கே நடக்கும். விண்ணப்பம் வாசலில் இருக்கிறது. கையெழுத்திட்டுவிட்டுத் தேநீருக்குப் போங்கள்.