எது நல்ல வைன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடலூர் தம்பியின் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, பாண்டியில் நண்பர்களோடு மூன்று சிவப்பு வைன் வாங்கிக் குடித்துப் பார்த்தோம். ஒன்று பிரான்ஸ், ஒன்று ஆஸ்திரேலியா, ஒன்று நாசிக். பிரெஞ்சு பாட்டில்தான் விலை அதிகம், ஆனால் அதுதான் ஒரே புளிப்பும் துவர்ப்புமாக இருந்தது. நாசிக் வைன் நன்றாக இருந்தது. எனக்கு ருசி தெரியவில்லையா, இல்லை அந்த வைன்தான் மோசமா?"

ருசி தெரியாமல் எல்லாம் இல்லை தம்பி. புளிப்பு தனி, துவர்ப்பு தனி என்று பிரித்துச் சொல்லியிருக்கிறீர்களே, பாதி வேலை அதுதான். ஆனால் எனக்குப் பிடித்ததா என்பது ஒரு கேள்வி, அந்த வைன் தன் வகையில் ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் யாருக்கும் குழப்பம்தான் மிஞ்சும்.

அதற்கும் முன்னால், என்ன சூட்டில் குடித்தீர்கள்? சிவப்பு வைனை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது ஐரோப்பிய அறை, 16லிருந்து 18 டிகிரி. நம் ஊரில் மே மாதம் ஃபேன் ஓடுகிற அறையில் 32, 33 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் ஆல்கஹால்தான் முதலில் கிளம்பி மூக்கில் ஏறும், பழ வாசனை அதற்குக் கீழே அமுங்கிப் போகும். அதனால் சிவப்பாக இருந்தாலும் திறப்பதற்கு முன்னால் ஃப்ரிட்ஜில் ஒரு ஒன்றரை மணி நேரமாவது வையுங்கள். வெள்ளைக்கு இதற்கு நேர் எதிர், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றினால் ஒரு வாசனையும் வராது, கொஞ்ச நேரம் வெளியே இருக்கட்டும்.

இன்னொன்று, இது நம் பக்கம் கடைகளில் நிஜமாகவே நடக்கிறது. ஏசி இல்லாத கடையில் பல மாதம் வெயில் பட நின்ற பாட்டில் வெந்துபோயிருக்கும். வாங்கும்போது கழுத்தைப் பாருங்கள். மேலே சுற்றியிருக்கிற தாளுக்கு அடியில் கார்க் கொஞ்சம் மேலே தள்ளிக்கொண்டு மேடாக நிற்கிறதா, ஓரத்தில் வைன் கசிந்து காய்ந்த பிசுபிசுப்பான கறை இருக்கிறதா? இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அது எந்த ஊர் வைனாக இருந்தாலும் சரி. நனைந்த அட்டைப்பெட்டி வாடை, வினிகர் வாடை இவையும் அப்படித்தான். நனைந்த அட்டை வாடை கார்க்கிலிருந்து வருகிற டிசிஏ என்ற சேர்மத்தால் வருவது. இதெல்லாம் குறை, இதில் விருப்பு வெறுப்புக்கு வேலையே இல்லை.

இப்போது வாயில் வைப்போம். கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள், சுழற்ற இடம் வேண்டும். சுழற்றி முகர்ந்துவிட்டு, ஒரு வாய் எடுத்து வாய் முழுக்கப் பரவ விடுங்கள். கன்னத்து ஓரம் எச்சில் ஊறினால் அது புளிப்பு. ஈறும் நாக்கும் வறண்டு இழுத்துப் பிடித்தால், கொட்டைப்பாக்கு மென்ற மாதிரி, அது துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வருவது, ஓக் பீப்பாயிலிருந்தும் கொஞ்சம் வரும். தொண்டையில் சுடுவது ஆல்கஹால். இந்த மூன்றில் எதுவும் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. விழுங்கின பிறகோ துப்பின பிறகோ என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். பழமும் வாசனையும் நின்று நிதானமாகப் போனால் நல்ல வைன். வெறும் புளிப்போ சூடோ மட்டும் மிஞ்சினால் எத்தனை ரூபாய் கொடுத்திருந்தாலும் சுமார்தான்.

அடுத்து ஊர். குளிர்ந்த ஊர்த் திராட்சையில் புளிப்பு குறையாமல் நிற்கும், வெயில் ஊரில் சர்க்கரை ஏறி, அதனால் ஆல்கஹாலும் ஏறி, புளிப்பு இறங்கிவிடும். நாசிக் வெயில் ஊர், பிரான்ஸ் அதைவிடக் குளிர்ந்த ஊர். ஆக உங்களுக்குப் புளிப்பாகப் பட்டது அந்த ஊரின் குணமாகவே இருக்கலாம், குறை என்று சொல்லிவிட முடியாது.

மூன்று பாட்டிலும் ஒரே திராட்சையா என்றும் தெரியவில்லை. பிரெஞ்சு லேபிளில் பெரும்பாலும் ஊர்ப் பெயர்தான் இருக்கும், திராட்சைப் பெயர் இருக்காது. போர்தோ சிவப்பு என்றால் பெரும்பாலும் மெர்லோவும் கேபர்னே சாவின்யோனும் கலந்தது, பர்கண்டி சிவப்பு என்றால் பினோ நுவார். இதைப் பக்கத்தில் இருக்கிற, ஷிராஸ் என்ற வேறொரு திராட்சையில் செய்த வைனோடு வைத்து எது உசத்தி என்றால் என்ன பதில் சொல்வது? ஒரே திராட்சையில் இரண்டு ஊர் எடுங்கள். ஷிராஸே எடுத்துக்கொள்வோமே, பிரான்ஸின் ரோன் பகுதியில் விளைந்தது கனம் குறைந்து, மிளகு வாசனை தூக்கலாக வரும். அந்த வாசனைக்குக் காரணம் ரோட்டண்டோன், நாம் ரசத்துக்குத் தட்டிப் போடுகிற மிளகில் இருப்பதும் அதே சேர்மம்தான். ஆஸ்திரேலியாவின் பரோசாவில் அதே திராட்சை கனமாக, பழுத்த பழமாக, 14.5 சதவீத வாக்கில் ஆல்கஹாலோடு வரும். இரண்டும் நல்ல வைனாக இருக்க முடியும்.

திராட்சை வாசனை பழக இன்னொரு வழி நம் பக்கத்திலேயே இருக்கிறது. கம்பம் பன்னீர் திராட்சை வாங்கி நசுக்கி முகர்ந்து பாருங்கள், அது மஸ்கட் ஹாம்பர்க் என்ற திராட்சை வகை. பழத்தின் வாசனை அப்படியே வைனிலும் தங்குவது மஸ்கட் குடும்பத்தின் விசேஷம்.

விலை பற்றிக் கேட்டீர்கள். 1976இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வைன் வியாபாரி லேபிளை மறைத்து பிரெஞ்சு வைனுக்கும் கலிஃபோர்னியா வைனுக்கும் ஒரு போட்டி வைத்தார். பிரெஞ்சு நடுவர்கள் மதிப்பெண் போட்டு, சிவப்பிலும் வெள்ளையிலும் கலிஃபோர்னியா முதலிடம் வந்தது. 2001இல் வெளியான ஒரு ஆய்வில், போர்தோவில் வைன் படிக்கிற மாணவர்கள் 54 பேருக்கு வெள்ளை வைனில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள், அவர்கள் சிவப்பு வைனுக்குச் சொல்கிற வார்த்தைகளாலேயே அதை வர்ணித்தார்கள். படித்தவர்களுக்கே கண் இவ்வளவு சொல்லிக்கொடுக்கிறது என்றால், விலை தெரிந்த பிறகு நாம் நேர்மையாகச் சுவைப்பது ரொம்பக் கஷ்டம்.

அதனால் அடுத்த முறை இரண்டு ஷிராஸ் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, நம்பர் எழுதச் சொல்லி ஒரு நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். காரமான மீன் குழம்பை அன்றைக்கு மட்டும் தள்ளி வையுங்கள், ஆல்கஹால் காரத்தை ஏற்றிவிடும், துவர்ப்பான சிவப்பு மீனோடு சேர்ந்தால் இரும்புச் சுவை தட்டும். மீன் வறுவல்தான் வேண்டும் என்றால் நாசிக்கின் செனின் பிளாங்க் என்ற வெள்ளை வைன் எடுங்கள், அருமையாக ஒத்துப்போகும். எல்லோரும் தனித்தனியே எழுதி முடித்த பிறகுதான் தாளைப் பிரிக்க வேண்டும். பாட்டிலைக் கடலூருக்குக் கொண்டுபோகாதீர்கள், செக்போஸ்ட்டில் வம்பு. வண்டி ஓட்டுகிறவர் துப்பிவிட வேண்டும், துப்பினாலும் ருசி முழுசாகத் தெரியும், தொழில்முறையில் சுவைப்பவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.