வல்லாரைக்குள் ஒளிந்திருக்கும் சீனி

(திருகோணமலையில் உயர்தர விஞ்ஞான மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லார் கையிலும் பிளேன்டீ இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குவோம்.

நீங்கள் கரைத்த சீனியின் ஒரு மூலக்கூறில் இரண்டு வளையங்கள்: ஒன்று குளுக்கோசு, மற்றது புரக்டோசு. குளுக்கோசு வளையத்துக்கு ஆறு மூலை. ஐந்தில் காபன், ஒன்றில் ஒட்சிசன். தேயிலையிலுள்ள கேட்டச்சினின் நடு வளையத்திலும் இதே ஐந்தும் ஒன்றும்தான். ஆனால் அது சீனி இல்லை. இரசாயனவியல் ஆசிரியர் பார்த்ததும் சொல்லிவிடுவார். ஒரு மூலக்கூறில் சீனி இருக்கிறதா என்று கணினியைக் கண்டுபிடிக்கச் சொன்னால், அது எதைப் பார்க்கும்? அதனிடம் இருப்பது எந்த அணு எதனோடு பிணைந்திருக்கிறது என்ற பட்டியல் மட்டும்தான்.

அதனால் எண்ணச் சொல்லிக் கொடுக்கிறோம். வளையத்துக்குள் ஒட்சிசன் ஒன்றுதானா? சரி, வெளியே வளையத்தோடு நேராக ஒட்டிய ஒட்சிசன்கள் எத்தனை? மூலைகளில் பாதிக்காவது இருந்தால் சீனி. குளுக்கோசுக்கு 4, தேறிவிடும். கேட்டச்சினுக்கு ஒன்றுதான், தேறாது. இயற்கைப் பொருள்களிலிருந்து சீனியைக் கழற்றவென்று ஜேர்மனியின் யேனா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட மென்பொருளிலும், நாமாக மாற்றாதவரை, இந்தப் பாதிக் கணக்குத்தான்.

இனி வீட்டு வல்லாரைச் சம்பலுக்கு வருவோம். வல்லாரையில் ஏசியாட்டிக்கோசைட்டு என்றொரு பொருள் இருக்கிறது: 48 காபன், 19 ஒட்சிசன், மொத்தம் எட்டு வளையம். ஐந்து வளையங்கள் முழுக்கக் காபன். அவை ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். மற்ற மூன்றும் வால்போலத் தொங்கும்: இரண்டு குளுக்கோசு, நுனியில் ஒரு ராம்னோசு. மூன்றுக்கும் நாலு நாலு ஒட்சிசன். கணினி ஒரு நொடியில் வாலை வெட்டி வைத்துவிடும். வாயில் போட்டால் இனிக்காது என்பது வேறு கதை. நாக்குக்குத் தெரியாத சீனியும் சீனிதான்.

செவ்வலரியின் நஞ்சிலும் ஒரு சீனி உண்டு, ஒலியாண்ட்றோசு. அதற்கு ஆறில் சரியாக மூன்று. மயிரிழையில் தேறுகிறது.

நான் எழுதிய நிரலுக்கு டீஎன்ஏத் துண்டொன்றைக் கொடுத்தபோது "சீனி இல்லை" என்றது. டீஒட்சிறைபோசு என்ற சீனி பெயரிலேயே இருக்கிறதே! பிழை தேடி அரைநாள் போனது. நிரலில் பிழையே இல்லை. அந்த வளையத்துக்கு ஐந்து மூலை, நேராக ஒட்டிய ஒட்சிசன் ஒன்று. ஒரு மூலையோடு ஒட்சிசனுக்குப் பதில் நைதரசன் ஒட்டியிருக்கிறது. இன்னொன்றில் ஒட்சிசன் ஒரு காபன் தள்ளி நிற்கிறது. அது கணக்கில் வராது.

பாதி என்பதைக் குறைக்கலாமே என்பீர்கள். கரைவலையின் கண்ணைச் சிறிதாக்கினால் என்ன வரும் என்று கடற்கரைப் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்? வேண்டாததும் சிக்கும்; இங்கே சீனி அல்லாத வளையங்கள். ஆகவே பாதியைத் தொடவில்லை. உள் ஒட்சிசனுக்குப் பக்கத்து மூலையில் நைதரசன் ஒட்டியிருக்கும் ஐந்துமூலை வளையத்துக்கு மட்டும் தனி விதி எழுதினேன். டீஎன்ஏ தேறியது. ஆறில் இரண்டு மட்டுமே உள்ள சீனிகள் இன்னும் வெளியேதான் நிற்கின்றன.