வாசிப்பு வேகமும் தமிழ் எழுத்துக் கணக்கும்

(கொழும்பு வெள்ளவத்தையில், ஆசிரியர்களும் மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஒரு கட்டுரையை வாசிக்க எத்தனை நிமிடம் செல்லும் என்பதைப் பல இணையத்தளங்கள் இன்று தலைப்பின் கீழேயே சொல்லிவிடுகின்றன. சொற்களை எண்ணி, நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற ஒரு நிலையான எண்ணால் வகுப்பதே அந்தக் கணக்கு. ஆங்கிலத்தில் அதற்கு அடிப்படை உண்டு. பெல்ஜிய உளவியலாளர் மார்க் பிரிஸ்பார்ட், 190 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்ட கட்டுரையில், வளர்ந்தோர் ஆங்கிலத்தை மௌனமாக வாசிக்கும் சராசரி வேகம் புனைவல்லாத எழுத்தில் நிமிடத்துக்கு 238 சொற்கள், புனைவில் 260, வாய்விட்டு வாசிக்கையில் 183 என்று கண்டார். இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதே என் வாதம்.

‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது நமக்கு ஒரே சொல். அதில் 16 எழுத்துகள் உள்ளன. வினை, துணைவினை, காலம், பன்மை, வேற்றுமை, உம்மை அனைத்தும் அதற்குள் அடங்குவதால், அதையே சொல்ல ஆங்கிலத்துக்கு ஆறேழு சொற்கள் வேண்டும். போதாததற்கு, ஒருவர் சேர்த்து எழுதுவதை இன்னொருவர் பிரித்து எழுதுகிறார்; அப்போது வாசிப்பவரின் உழைப்பு மாறாமலே சொற்களின் எண்ணிக்கை மாறிவிடுகிறது. எனவே தமிழுக்கு எழுத்துக் கணக்கே பொருத்தமானது. அதிலும் ஒரு கவனம் வேண்டும். ‘கொழும்பு’ என்பதில் நாம் எண்ணும் எழுத்துகள் நான்கு. கணினியோ ‘ொ’, ‘ு’ போன்ற உயிர்க்குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணிப் பெரும்பாலும் 8 என்று காட்டும். அந்த எண்ணையும் கையால் எண்ணியதையும் ஒரே கணக்கில் கலந்தால் விடை பிழைத்துவிடும்.

உங்கள் வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. முன்பு வாசிக்காத ஒரு பகுதியை எடுத்து, வழக்கம்போல் மௌனமாக 5 நிமிடம் வாசித்து, நிறுத்திய வரியில் அடையாளமிடுங்கள். பத்து வரிகளின் எழுத்துகளை எண்ணி, ஒரு வரிக்குரிய சராசரியைக் காணுங்கள். 90 வரி வாசித்திருந்து, வரிக்கு 30 எழுத்து என்றால் மொத்தம் 2,700, நிமிடத்துக்கு 540. பக்கத்துக்கு 30 வரியாக 20 பக்கமுள்ள ஓர் அத்தியாயத்தில் 18,000 எழுத்துகள் இருக்கும். அதற்கு ஏறத்தாழ 33 நிமிடம் செல்லும். அளந்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, வாசித்ததைச் சொந்த வார்த்தைகளில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராவிட்டால் அந்த அளவையைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். சிறுகதையில் கண்ட வேகம் பௌதிகவியல் பாடத்துக்குச் செல்லாது என்பதால், அதைத் தனியே அளக்க வேண்டும்.

வாசிக்கும்போது கண் வரியின்மீது ஒரே சீராக ஓடுவதில்லை. தாவுகிறது, ஏறத்தாழ கால் செக்கன் நிற்கிறது, மீண்டும் தாவுகிறது. தேர்ந்த வாசகரிடமும் இத்தாவல்களில் 10 முதல் 15 வீதம் வரை பின்னோக்கியே நிகழ்கின்றன. பிடிபடாத இடத்துக்குத் திரும்பிச் செல்வது வாசிப்பின் இயல்பு. அதற்காகப் பிள்ளையைக் கண்டிக்காதீர்கள். அமெரிக்காவில் 1959இல் ஈவ்லின் வூட் தொடங்கிய வகுப்புகள் முதலாக, வேகத்தைப் பன்மடங்காக்குவோம் என்று சொல்லும் பயிற்சிகள் பல வந்துள்ளன. வாசிப்பில் கண்ணசைவை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ரெய்னரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2016இல் வெளியிட்ட விரிவான மீளாய்வு, வேகத்தை அந்த அளவுக்கு உயர்த்தினால் விளக்கம் குறையும் என்று தெளிவாகவே கூறுகிறது. பெற்றோர் அதற்குக் கட்டும் பணத்தில் நல்ல நூல்களை வாங்கிக் கொடுக்கலாம். சொல்வளம் பெருகினால் வேகமும் தானே கூடும்.

பரீட்சைக்கு வருகிறேன். க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) பரீட்சை வினாப்பத்திரத்தின் முகப்பில் ‘மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடங்கள்’ என்று அச்சிட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். வினாக்களைத் தெரிவுசெய்யவும், எதை முதலில் எழுதுவது என்று தீர்மானிக்கவும் தரப்படும் நேரம் அது. கடந்த ஆண்டுப் பத்திரம் ஒன்றை எடுத்து, முழுவதையும் வாசிக்க உங்களுக்கு எவ்வளவு நேரம் செல்கிறது என்று வீட்டிலேயே பாருங்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்தால் அனைத்தையும் வாசித்துத் தெரிவுசெய்யலாம். முடியாவிட்டால், ஒவ்வொரு வினாவிலும் முதற்பகுதியையும் அது எந்த அலகைச் சேர்ந்தது என்பதையும் மட்டும் பார்த்துத் தெரிவுசெய்து, மீதியை விடை எழுதும் வேளையில் நிதானமாக வாசியுங்கள்.