மாறாத நிலவுதான் காலத்தைக் காட்டும்

நடுவர் அய்யாவுக்கும், இந்த பனியிலயும் சால்வைய போத்திக்கிட்டு உக்காந்திருக்குற கொடைக்கானல் மக்களுக்கும் வணக்கம். இயற்கைய பாடுற கவிதைல காலம் ஓடுறத அதிகமா உணர வைக்கிறது மாறுற காட்சியா, மாறாத காட்சியா? மாறாத காட்சிதான்னு பேச வந்திருக்கேன்.

எதிரணி அக்கா நெடுநல்வாடைங்குற சங்கப் பாட்ட எடுத்து அருமையா பேசுனாங்க. மழை மூட்டத்துல சூரியனே தெரியல, பொம்பளைங்க பூந்தட்டுல பிச்சி அரும்ப போட்டு வச்சிருக்காங்க, அது விரிஞ்சு வாசம் வந்ததும் பொழுது சாஞ்சிருச்சுன்னு தெரிஞ்சு இரும்பு வெளக்குல திரி ஏத்தி, நெல்லும் பூவும் தூவி கும்பிடுறாங்க. நக்கீரர் அந்த வாசத்த நம்ம மூக்கு வரைக்கும் கொண்டாந்துட்டாரு, ஒத்துக்குறேன். ஆனா அய்யா, அங்க அவங்களுக்கு தெரிஞ்சது மணி என்னங்குறது. மணி தெரியறது வேற, காலம் போயிருச்சேன்னு நெஞ்சுல உறைக்கிறது வேற.

இன்னும் சொல்லப்போனா பூவ நம்பாதன்னு குறுந்தொகையே சொல்லுது, 234ஆம் பாட்டு. வானம் செவந்து முல்லை பூத்தாதான் மாலைன்னு சொல்றவங்க வெவரம் தெரியாதவங்க, துணை இல்லாதவளுக்கு கோழி கூவுற விடியலும் மாலைதான், பட்டப்பகலும் மாலைதான்னு பாடுறாரு மிளைப்பெருங்கந்தனார். அப்ப பூ எங்கங்க காலத்த காட்டுச்சு?

சரி, நம்ம மலைக்கு வருவோம். குறிஞ்சிப் பூவ விட்டுட்டு இந்த பழனி மலைத்தொடர்ல நின்னு பேச முடியுமா. 12 வருசத்துக்கு ஒருக்கா பூக்குது, பூத்து வெத போட்டதும் அந்தச் செடியே செத்துப்போகுது, இதவிட மாற்றம் வேணுமான்னு அக்கா கேட்டாங்க. நான் திருப்பி கேக்குறேன். 2006ல பூத்தப்ப சரிவு எப்பிடி இருந்துச்சு, 2018ல எப்பிடி இருந்துச்சு? அதே நீலம். செடி வேற, தலைமுறை வேற, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அந்த நீலம் மாறாம திரும்பி வந்ததாலதான், போனவாட்டி பக்கத்துல நின்னு பாத்த எங்க அப்பத்தா இந்தவாட்டி இல்லையேன்னு எனக்கு தொண்டைய அடைச்சுது, இங்க இருக்குற எத்தனையோ பேருக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும்.

இதத்தான் பறம்பு மலைய ஆண்ட பாரியோட பொண்ணுங்க புறநானூறு 112ல பாடிட்டு போயிட்டாங்க. மொத்தமே அஞ்சு அடி. "அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்" எங்கப்பா இருந்தாரு, எங்க குன்றையும் யாரும் எடுக்கல. "இற்றைத் திங்கள் இவ்வெண் ணிலவின்" ஜெயிச்ச வேந்தருங்க எங்க குன்றையும் எடுத்துக்கிட்டாங்க, அப்பாவும் இல்ல. நல்லா பாருங்க, ரெண்டு எடத்துலயும் நிலவு வெள்ளையாத்தான் இருக்கு. அழுது மங்கிப்போன நிலவுன்னு பாடியிருக்கலாம், மேகம் மறைச்சுதுன்னு பாடியிருக்கலாம், அந்தப் பொண்ணுங்க பாடல. பறம்பு மலையும் அங்கனயேதான் நிக்குது, ஆள்தான் மாறிட்டான். நிலவும் கூடவே கருத்திருந்தா நமக்கும் சேர்ந்து அழ ஒரு தொணை கெடச்ச மாதிரி ஆயிருக்கும், அது கருக்காம நிக்கிறதாலதான் ஒரு மாசத்துக்குள்ள என்னென்ன போச்சுன்னு தெரியுது.

அடுத்து பேச வர்ற எதிரணி அண்ணன் இந்த ஒரு கேள்விக்கு பதில் சொல்லிட்டு மேல போகட்டும். அந்த அஞ்சு அடில நிலவ எடுத்துட்டு உதிர்ற பூ ஒண்ண வச்சா, அதே வலி வருமா? நன்றி, வணக்கம்.